மெட்ராஸ் மாஸ்டர் தைத்த சீட்

இதயம் போட்டவர்கள் எல்லாம் கொஞ்சம் நில்லுங்கள். நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் போன ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி பழைய படம் ஒன்றைப் போட்டாள். எங்கள் பட்டறை வாசலில் அந்தக் கறுப்பு வண்டி, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு எங்கப்பா. ‘உங்கப்பா கைவண்ணம்டீ, அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி இனிமே யாரு வரப்போறாங்க’ என்று கீழே ஒரு வரி. அவ்வளவுதான், வரிசையாக இதயம், கும்பிடு, பூங்கொத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. நீளமாகத்தான் எழுதப்போகிறேன். படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒரு குட் மார்னிங் படம் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

நாம் ஆறாம் வகுப்பு முடித்த அந்தப் பெரிய லீவு. கத்திரி வெயில். பாலாற்றில் மணல் மட்டும்தான் ஓடியது என்று நம் வாத்தியார் கிண்டல் செய்வாரே, அந்த வருஷம். எங்கள் பட்டறை ஆம்பூருக்கு இந்தப் பக்கம் மெயின் ரோட்டு ஓரத்தில் இருந்தது உங்களுக்குத் தெரியும். அப்பா டிங்கர். லாரியும் பஸ்ஸும் எங்கேயாவது முட்டிக்கொண்டு வந்தால் தகட்டைத் தட்டி நேராக்கி, வெல்டு வைத்து, பட்டி பூசி அனுப்புவார். வேலையில் கெட்டிக்காரர்தான். அதை நான் ஒருநாளும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். ஒடுகத்தூர்க்காரி, வாய் ஜாஸ்தி. கை அதைவிட ஜாஸ்தி என்று அவளே சொல்லிக்கொள்வாள். ‘எங்க லைன்ல எனக்கு மேல ஒருத்தி இருந்தா காட்டு, அன்னிக்கே மிஷின உட்டு எழுந்துக்கறேன்’ என்பாள். அடக்கம் என்பது அவள் இருந்த தெருவுக்கே வந்ததில்லை. அந்தக் கோடையில் ஆர்டர் இல்லை என்று கம்பெனியில் ஆட்களைப் பாதிப் பாதியாக வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மாவும் வீட்டில் இருந்தாள். சாயங்காலம் கேட்டில் பையைத் திறந்து, புடவை மடிப்பைத் தட்டிப் பார்த்து, தோல் துண்டு ஏதாவது எடுத்துப் போகிறாளா என்று சோதிக்கிற தொல்லை இல்லாமல் ஒரு மாதம் இருப்பதே அவளுக்குப் பெரிய நிம்மதி. ‘கைய வித்தேன், சரி. இடுப்ப எதுக்குய்யா தட்றீங்க’ என்று ஒருமுறை வாட்ச்மேனைக் கேட்டுவிட்டு வந்தவள் அவள்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. தோல் பதனிடும் டேனரி முதலாளி ஒருவரின் மகன், நாங்கள் சின்ன முதலாளி என்போம், வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தான். அவர்கள் தோட்டத்து மரத்தடியில் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று கோழி அடைந்து கிடந்தது. அதைக் கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் வாசலில் விட்டான். கையில் வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் ஒரு கார், கூரை தாழ்ந்து, பின் சக்கரம் பருத்து, மூடி இல்லாத இன்ஜின் வெளியே பளபளவென்று தெரிய, பாயப்போகிற மாதிரி முன்னால் குனிந்து நின்றது.

‘இது மாதிரி வேணும். கூரைய வெட்டி எறக்கணும். ஜீப் இன்ஜின் தரேன். உள்ள ஃபுல்லா தோல். எங்க டேனரி தோல்’ என்றான்.

அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவரை அவர் கெட்டுப்போனதைப் பழையபடி ஆக்கியிருக்கிறாரே தவிர, புதிதாக ஒன்றை உண்டாக்கியதில்லை. கண்ணில் ஆசை தெரிந்தது.

‘பாடி நீங்க பண்ணுங்க. குஷனுக்கு நான் மெட்ராஸ் அனுப்பிக்கறேன். அங்க ஆளு இருக்கு’ என்றான் சின்ன முதலாளி.

அப்பாவுக்கு வண்டி கைவிட்டுப் போகிற பயம். சட்டென்று சொன்னார்: ‘வேணாம் சார். நம்ம பட்டறைக்கே மெட்ராஸ் மாஸ்டர் ஒருத்தர் வர்றாரு. தோல்லயே ஊறுன ஆளு. நான் பாத்துக்கறேன்.’

அப்படி ஒரு மாஸ்டர் எந்த ஊரிலும் இல்லை. உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவை நினைத்துத்தான் சொன்னார். அவன் போனதும் வந்து சொன்னார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

‘ஏன், எம் பொண்டாட்டி தைப்பான்னு சொன்னா வாய்ல இருக்கற முத்து கொட்டிடுமா?’

‘இப்ப சொன்னா ஒத்துக்க மாட்டான்டி. வேல முடியட்டும். அவன் ஒக்காந்து பாத்து நல்லாருக்குன்னு சொல்லட்டும். அப்ப நானே சொல்றேன், இதோ இவதான்னு. அப்புறம் நீ கம்பெனிக்கே போவ வேணாம். பட்டறைல பாதி ஒனக்கு. குஷன் கடை போட்டுக் குடுத்துடறேன்.’

‘நெஜமா?’ என்று அம்மா கேட்ட குரல் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அந்த வாயாடி அவ்வளவு மெதுவாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ‘எம் பொண்ணு மேல சத்தியம்’ என்றார் அப்பா. என் தலையில்தான் கை வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மெட்ராஸ் மாஸ்டர் குடியிருந்தார். ‘மாஸ்டருக்கு டீ போடு பாப்பா’ என்று அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். ‘மாஸ்டர் இன்னிக்கு சமைக்க மாட்டாரு, கடைல வாங்கியாங்க’ என்பாள். அப்பாவும் ‘சரிங்க மாஸ்டர்’ என்று பையைத் தூக்கிக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்த கோடை அது ஒன்றுதான். அதனால்தான் இவ்வளவு கோபம்.

முதலில் கூரை. உள்ளங்கை அகலத்துக்குக் கூரையைத் தாங்குகிற தூண்களை எல்லாம் ஒரே அளவில் வெட்டி எடுத்துவிட்டு, அப்பாவும் ரோட்டில் போகிற நாலு பேரும் கூரையைத் தூக்கி மேலே வைத்தார்கள். உட்காரவில்லை. முன்பக்கம் சேர்த்தால் பின்பக்கம் எட்டவில்லை, பின்பக்கம் சேர்த்தால் முன்பக்கம் எட்டவில்லை. அப்பா சுத்தியை வீசிவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். வண்டி பாழாகிவிட்டது என்றே நினைத்தார்.

அம்மா இடுப்பில் கை வைத்து ஒரு சுற்று சுற்றி வந்தாள். ‘தூணு எல்லாம் உள்பக்கம் சாஞ்சில்ல நிக்குது? மேல போவப்போவ குறுகுது. கீழ எறக்குனா கூரை பெருசாத்தான வேணும்? எங்க ஷூவும் அப்படித்தான். கணுக்கால் அளவ பாதத்துல கொண்டாந்து வெச்சா சேருமா? மொதல்ல அட்டைல வெட்டுங்க. அப்புறம் தகட்டத் தொடுங்க’ என்றாள்.

அப்பா எழுந்து வந்தார். காலண்டர் அட்டை, சாக்லேட் பெட்டி அட்டை, என் பரீட்சை அட்டை எல்லாம் போயிற்று. அட்டையில் வெட்டி, வைத்துப் பார்த்து, திருத்தி, பிறகு தகட்டில் வரைந்தார்கள். கூரையைக் குறுக்கே அறுத்து நடுவில் புதுத் தகடு சேர்த்தார். வெல்டு வைக்கக் கார்பைட் கல்லைத் தண்ணீரில் போட்டுக் காஸ் எடுக்கிற டிரம்மின் நாற்றம், அழுகின பூண்டு மாதிரி, நாள் முழுக்க மூக்கில் நிற்கும். தகட்டை வளைக்க அம்மா கெட்டித் தோலில் ஒரு பை தைத்து ஆற்று மணல் அடைத்துக் கொடுத்தாள். அதன்மேல் வைத்து மரச் சுத்தியால் அடித்தால் டங் என்று கத்தாது, தொம் தொம் என்று அடங்கிக் கேட்கும். தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்ணம் மாதிரி குழியும். பின் சக்கரத்து மூடி இரண்டும் அப்படி உருண்டு வந்தவைதான். அதற்கப்புறம் அப்பா சாகிற வரைக்கும் அட்டை வெட்டாமல் தகட்டைத் தொட்டதில்லை. அவருடைய பெயர் வேலூர் வரைக்கும் போனது அந்தப் பழக்கத்தால். அது யாரிடம் கற்றது என்று ஒருவரிடமாவது சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்களா?

பிறகு தோல் வந்தது. காபிக்கொட்டை நிறத்தில் முழு முழுத் தோல்கள். டேனரி நாற்றம் நமக்கெல்லாம் தெரியும், சுண்ணாம்பும் ஊன் கழிவும் கலந்து வயிற்றைப் புரட்டும். இது வேறு. வேலை முடிந்த தோலின் வாசனை, எண்ணெயும் மரப்பட்டையும் கலந்தது. நான் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். என் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா, கலவை ஊரிலிருந்து வந்திருந்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘ஏம்மா, குடும்பம் நடக்கற வீட்ல தோலக் கொண்டாந்து விரிச்சி வெச்சிருக்கியே’ என்றாள். ‘ஒங்க தம்பி கால்ல இருக்கறது வாழ மட்டையா?’ என்றாள் அம்மா. அத்தை அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள்.

அம்மா வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு தோலையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பாள். முதுகுப் பக்கம் இறுக்கம், இழுத்தாலும் திரும்பி வரும். வயிற்றுப் பக்கம் தளர்வு, இழுத்தால் இழுத்த இடத்திலேயே நிற்கும். உட்காருகிற இடத்துக்கு முதுகு, கதவுப் பலகைக்கு வயிறு. என்னையும் இழுக்கச் சொன்னாள். ஓரத்தைக் கத்தியால் சீவி மெலிசாக்குவது என் வேலை. மடித்துத் தைக்கிற இடம் தடிக்கக் கூடாது. முதலில் இரண்டு துண்டு பாழாக்கினேன், திட்டினாள். மூன்றாவதைத் தடவிப் பார்த்துவிட்டு நேராக மிஷினில் கொடுத்தாள். பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

மூடிப்போன ஒரு கம்பெனியின் ஏலத்தில் அப்பா எடுத்து வந்த மிஷின் அது. கனமான தோல் தைக்கும், மிதித்தால் வீடே அதிரும். ‘துணின்னா பிரிச்சித் தைக்கலாம். தோல்ல ஊசி போட்டா போட்டதுதான், ஓட்ட அப்படியே நிக்கும்’ என்பாள் அம்மா. அதனால் தைக்கும்போது மட்டும் அந்த வாய் மூடியிருக்கும். தாளில் இருந்த மாதிரியே சீட்டின் மேலிருந்து கீழே வரை குழாய் குழாயாக மடிப்பு, ஒவ்வொன்றுக்குள்ளும் பஞ்சு. அடியில் ரப்பர் போட்ட தேங்காய் நார். அப்பா செய்த இரும்புச் சட்டத்தை விரலால் தடவி, ‘இந்த ஓரம் கத்தியாட்டம் இருக்கு, தோலு ஒரு வருஷம் தாங்காது’ என்று திருப்பி அனுப்புவாள். அவர் பேஜாராகிக் கத்துவார். இவள் அதற்கு மேல் கத்துவாள். பிறகு அவர் ஓரத்தில் கம்பி வைத்துச் சுருட்டிக் கொண்டுவருவார். அந்தச் சண்டையெல்லாம் எனக்கு இனிப்பாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே பொருளைச் செய்துகொண்டிருந்தார்கள்.

வண்டி முடிகிற சமயத்தில் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது, ஆர்டர் வந்துவிட்டது, திரும்பி வா என்று. ‘நா வரல’ என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். தெருவில் நாலு பேருக்குச் சொன்னாள். கடைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று என்னைக்கூடக் கேட்டாள்.

வண்டி எடுக்க சின்ன முதலாளி சிநேகிதர்களோடு வந்தான். அம்மா தலை குளித்து, பூ வைத்து, கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். நானும் நின்றேன். அவன் கறுப்பு பெயிண்டைத் தடவினான், சக்கர மூடியைத் தட்டினான், அப்புறம் உள்ளே உட்கார்ந்தான். முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினான்.

‘ஃபர்ஸ்ட் கிளாஸ்! பாம்பேல கூட இந்த ஃபினிஷிங் வராது. லைன் பாருடா, ஸ்கேல் வெச்சி இழுத்த மாதிரி!’ என்று சிநேகிதர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். ‘எங்க அந்த மாஸ்டர்? கூப்பிடுங்க. இவங்களும் வண்டி பண்ணணும்கறாங்க. தோல் நான் தரேன். அவரு இங்கயே ஒக்காந்து செய்யட்டும்.’

சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பா துணியில் கையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த கையைத் திரும்பவும் துடைத்தார்.

‘அவரு… ஊருக்குப் போய்ட்டாருங்க’ என்றார்.

அம்மா வாசற்படியைத் தாண்டி வந்தாள். ‘எந்த ஊருக்கு? நா இங்கதான நிக்கறேன்? சார், அந்த சீட்டு தைச்சது நான்தான்.’

சின்ன முதலாளி முதலில் சிரித்தான். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. கீழே இறங்கி, குனிந்து சீட்டைப் பார்த்தான். ‘இந்த லைன் கோணலா இல்ல?’ என்றான். ‘ஆமாடா, லேசா’ என்றான் ஒரு சிநேகிதன். ‘இங்க கொஞ்சம் சுருக்கம் வேற. ஏம்மா, நீ எங்க வேல செய்யற?’ என்று சின்ன முதலாளி கேட்டான். அம்மா ஷூ கம்பெனி என்றாள். அவன் அப்பாவிடம் திரும்பினான்.

‘இன்னாய்யா இது? செருப்பு தைக்கற பொம்பளய வெச்சி எங்கிட்ட வெள்ளாட்றியா? மெட்ராஸ் மாஸ்டர்ன்னு சொன்ன?’

அப்போது அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

‘ஐயோ, இல்ல சார். அவ சும்மா சொல்றா. பசை தடவறது, நூலு கோக்கறது, அந்த மாதிரி கூடமாட இருந்தா, அவ்ளோதான். தைச்சதெல்லாம் மாஸ்டர்தான். பொம்பளைங்க பேச்ச எடுத்துக்காதீங்க.’

‘அதான பாத்தேன்’ என்று சின்ன முதலாளி திரும்ப ஏறி உட்கார்ந்தான். கோணல் போய்விட்டது. சுருக்கமும் போய்விட்டது. சீட்டைத் தட்டிக் கொடுத்தான். யாரோ போட்டோ எடுக்கிறேன் என்றார்கள், அப்பா வண்டிமேல் கை வைத்து நின்றார். நீங்கள் இதயம் போட்ட படம் அதுதான். அந்தப் படத்தின் சட்டத்துக்கு வெளியே, ஒரு கை தூரத்தில், கல்யாணப் புடவையோடு எங்கம்மா நின்றுகொண்டிருக்கிறாள்.

அம்மா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். ‘அப்படியா?’ என்று. பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

வண்டி போனபின் அப்பா வந்து, ‘அந்த நேரத்துல வேற இன்னா சொல்லச் சொல்ற? வண்டிய அப்படியே உட்டுட்டுப் போயிருப்பான்’ என்றார்.

‘போயிருக்கட்டுமே’ என்றாள் அம்மா.

மறுநாள் காலை அவள் கம்பெனி கேட்டில் போய் நின்றாள். வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியவள் இல்லையா, சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. என் அம்மா கெஞ்சியதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் தெருவில் வந்து சொன்னார்கள், சிரித்துக்கொண்டே.

சரி, பயத்தில் ஒரு பொய் வந்துவிட்டது, மனுஷன்தானே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் அவருக்காக வக்காலத்து வாங்கினேன். எனக்கும் அவர் வயது வந்து, தாண்டியும் விட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஷூ கம்பெனியில் லைன் பார்த்துவிட்டேன், முதலாளிக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்வது எனக்கும் தெரியும். ஆனால் மறுநாள் என்று ஒன்று இருந்ததே? அதற்கும் மறுநாள் இருந்ததே? சைக்கிள் எடுத்தால் டேனரி பக்கம்தான். போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பட்டறையில் பாதியைத் தடுத்துக் குஷன் கடை போட்டார். அதில் என் பெரிய அத்தை மகனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்.

ஆமாம், மூக்கைப் பொத்திய அதே அத்தையின் மகன். ஆற்காட்டில் பஸ் சீட்டுக்கு ரெக்ஸின் மாட்டிக்கொண்டிருந்தவன். அம்மா மிதித்த மிஷினில் அவன் உட்கார்ந்தான். மத்தியானம் அவனுக்கும் சேர்த்துச் சோறு ஆக்கி வைத்துவிட்டு அம்மா கம்பெனிக்குப் போனாள்.

ரெக்ஸின் தோல் மாதிரி செய்த துணிதானே, எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒன்றுதான். அவன் தோலையும் அப்படியே வெட்டினான். சின்ன முதலாளியின் சிநேகிதன் ஒருவனின் வண்டிக்கு, அகலமாக வருகிறதே என்று வயிற்றுப் பக்கத்தை உட்காருகிற இடத்துக்குப் போட்டான். கொடுத்த அன்று நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் சீட்டு தொட்டில் மாதிரி தொங்கி வண்டி திரும்பி வந்துவிட்டது. அடுத்த வண்டிக்குத் தோலை ஓரம் சீவாமல் தைத்ததில் மடிப்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்தது. சின்ன முதலாளி ஆள் அனுப்பினான், அந்தப் பழைய மாஸ்டரைக் கூப்பிடு, இல்லையென்றால் தோலைத் திருப்பிக் கொடு என்று.

அப்பா அம்மாவிடம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

‘கொஞ்சம் வந்து அவனுக்குச் சொல்லிக் குடேன். பாவம், புதுசு. வெட்டித் தைச்சி மட்டும் குடுத்துடு, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.’

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். நிதானமாகத்தான் சொன்னாள்.

‘வர்றேன். சின்ன மொதலாளிகிட்ட போயி, அந்த சீட்டு எம் பொண்டாட்டி தைச்சதுன்னு சொல்லிட்டு வாங்க. வண்டி வேணாம், கடை வேணாம், சொன்னா போதும். சொல்லிட்டு வந்த அடுத்த நிமிஷம் மிஷின்ல ஒக்கார்றேன்.’

‘இப்ப போயி எப்படிடி சொல்றது? அன்னிக்கு பொய் சொன்னியான்னு கேப்பானே.’

‘கேப்பான். ஆமான்னு சொல்லுங்க.’

அப்பா சட்டையை மாட்டினார். சைக்கிளை எடுத்தார். டேனரி பக்கம் போனதை நானே ரோடு வரை ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா அதற்குள் வெங்காயத்தை மூடி வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய், மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். அப்பா திரும்பி வந்தார். ‘அவரு இல்ல, மெட்ராஸ் போயிருக்காரு’ என்றார். அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரம் அம்மா கேட்கவில்லை.

ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை மகன் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தடுப்பைப் பிரித்துவிட்டிருந்தார்கள். மிஷின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ராணிப்பேட்டைக்காரன் யாரோ வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனானாம். அம்மா கம்பெனியில் இருக்கிற நேரமாகப் பார்த்து.

சாயங்காலம் அவள் வந்தாள். டிபன் கேரியரைக்கூடக் கீழே வைக்காமல் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒன்றும் ஆகாத ஒரு தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் போகவில்லை, என் பக்கம்தான் திரும்பினாள்.

‘பாத்தியாடி,’ என்றாள், அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னாள். ‘சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. அதச் சொல்றதுக்கு பதிலா மிஷினையே வித்துட்டாரு உங்கப்பன்.’